நனைந்த காரும் மூழ்கிய படகும்: சர்வேயர் அக்கா பதில்கள்

வாகனம், படகு ஆகியவற்றின் சேதங்களை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, தண்ணீர் தேங்கிய சாலையில் போகும்போது எங்கள் கார் நின்றுவிட்டது. என் கணவர் நாலைந்து தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். இப்போது இன்ஜினுக்குப் பணம் தர முடியாது என்கிறார்கள். ஃபுல் கவர் பாலிசி என்று சொல்லித்தானே விற்றார்கள்?

பதில்: ஃபுல் கவர் என்பது விற்கிறவர் வாயில் மட்டும் இருக்கும் பாலிசி. அச்சடித்த தாளில் நான் பார்த்ததில்லை.

முதலில் இன்ஜினுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை அழுத்தும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அது அழுத்தத்துக்கு மசியாது. பிஸ்டன் மேலே போக வழியில்லாமல் முட்டி நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சில சமயம் ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்று கம்பெனி அனுப்பிய கடிதத்தில் எழுதியிருப்பார்களே, அது இதுதான்.

கம்பெனியின் வாதம் எளிமையானது. வெள்ளம் விபத்து, அதை ஒத்துக்கொள்கிறோம். நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தது நீங்களாகச் செய்தது, அதனால் வந்த பின்விளைவுச் சேதம் பாலிசியில் சேராது. பல பாலிசிகளில் இந்த வாதம் செல்லும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருக்கிறீர்களா என்று உடனே பாருங்கள். எடுத்திருந்தால் கதையே வேறு.

எடுக்கவில்லை என்றாலும் உடனே விட்டுவிட வேண்டாம். ராடு எப்போது வளைந்தது என்பதுதான் கேள்வி. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிச் சடாரென்று நின்றிருந்தால், அந்த நொடியிலேயே ராடு வளைந்திருக்கலாம். ஓடும் வேகத்தில் இருக்கும் பலம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கிடையாது. உங்கள் கணவர் சாவியைத் திருப்பும் முன்பே சேதம் முடிந்துவிட்டது என்றால், அது வெள்ளத்தால் வந்த சேதம்தானே? இன்ஜினைப் பிரிக்கும்போது சர்வேயர் கூட இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ராடு, ஏர் ஃபில்டர், ஆயில் மூன்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்த ஆயிலை மெக்கானிக் வடித்துக் கொட்டிவிட்டால் உங்கள் சாட்சி சாக்கடையில் போயிற்று. அப்புறம், இன்ஜினை மறுத்தார்கள் என்பதற்காக சீட், கார்பெட், ஒயரிங் எல்லாவற்றையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் சொந்த வண்டியின் வெள்ளச் சேதத்துக்குப் பாலிசி இருந்தால் அவை தனியாக வர வேண்டியவை. பலர் கோபத்தில் ஃபைலையே மூடிவிடுகிறார்கள்.

எந்த மறுப்பையும் எந்த விதியின் கீழ் மறுக்கிறோம் என்று குறிப்பிட்டு எழுதித்தரச் சொல்லுங்கள். போனில் சொன்ன மறுப்பு மறுப்பே இல்லை.

ஒரு கணக்கை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். 15 செ.மீ. தண்ணீர் பெரும்பாலான கார்களின் அடிப்பகுதியைத் தொடும். 30 செ.மீ. பல வண்டிகளை மிதக்கவைத்துவிடும். ஓடும் தண்ணீர் 60 செ.மீ. இருந்தால் பெரிய எஸ்யூவியையும் இழுத்துக்கொண்டு போகும். எதிரே ஒரு லாரி போய்விட்டது என்று நாமும் போவதில்தான் பாதி கிளெய்ம்கள் பிறக்கின்றன.

கேள்வி: டயரில் பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், அப்படியே இருக்கிறது. ஒன்பது வருடம் ஆகிவிட்டது, மாற்று என்று மகன் நச்சரிக்கிறான். வண்டி அதிகம் ஓடவே இல்லையே?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். ஓடாத டயரும் கிழடாகும். ரப்பர் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக்கொண்டே வரும், உள்ளே அடுக்குகள் பிரியும். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நான்கு டயரையும் பார்க்கவேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. கடையில் புதிதாக வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆனதை ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்ட வேண்டும், பத்தைத் தாண்டியதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்ற வேண்டும் என்று பல டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஒன்பதில் இருக்கும் டயரோடு இன்னும் ஒரு வருடம் பேரம் பேச வேண்டுமா?

கேள்வி: லேசாக இடித்துவிட்டேன். எதிர்த் தரப்புக்காரர், "கையில் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் சார், இன்சூரன்ஸெல்லாம் எதற்கு" என்கிறார். சரியா?

பதில்: பம்பரில் கீறல் மட்டும் என்றால், கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியையும் உங்கள் பங்காகக் கழிக்கும் தொகையையும் கூட்டிப் பாருங்கள். சேதம் அதைவிடக் குறைவாக இருந்தால் உங்கள் காரை நீங்களே சரிசெய்துகொள்வது லாபம். ஆனால் இன்னொருவர் சம்பந்தப்பட்ட விபத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் இருக்காதீர்கள். தெரிவிப்பது வேறு, கிளெய்ம் கேட்பது வேறு. கழுத்து வலி பெரும்பாலும் மறுநாள்தான் தலைகாட்டும். அப்போது அவர் வக்கீலோடு வந்தால், "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று கம்பெனி கையை விரித்துவிடும்.

கேள்வி: சொந்தக் காரை வார இறுதியில் வாடகைக்கு ஓட்டுகிறேன். இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும். இன்றைக்கே.

கேள்வி: மேடம், என் மைத்துனர் சின்ன மோட்டார் படகு வாங்கியிருக்கிறார். குழந்தைகளோடு போகப்போகிறோம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் படகிலேயே இருக்கிறது, விழுந்தால் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரி, மைத்துனர் தப்பு. மோதப்போகும்போது சீட் பெல்ட் போட்டுக்கொள்கிறேன் என்பது மாதிரிதான் இது. தண்ணீரில் தத்தளித்துக்கொண்டு யாரும் ஜாக்கெட்டைத் தலையில் மாட்டி ஒழுங்காகப் பக்கிள் போட்டதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒவ்வொரு ஆண்டும் படகு விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள் என்பது அதில் வருடா வருடம் வரும் வரி.

ஜாக்கெட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் எண் போட்டிருக்கும். பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் மிதப்பு. தண்ணீரில் ஒரு பெரியவரின் தலையை மேலே வைக்க நாலைந்து கிலோ மிதப்பு போதும், ஆகவே 50 போதுமே என்று தோன்றும். நினைவோடு நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருந்தால் போதும். தலையில் அடிபட்டு மயங்கியவரைத் திருப்பி முகத்தை வானம் பார்க்க வைக்கிற வேலையை 50 செய்யாது. குழந்தைகளுக்கு 100-க்குக் குறையாமல், காலர் வைத்த நுரை வகை வாங்குங்கள். வாயுவால் ஊதும் வகை அவர்களுக்கு வேண்டாம். போட்டுவிட்டுக் கையைத் தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் அளவு பெரிது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஒரு சைஸ் கூட எடுப்பதைப் பள்ளிச் சீருடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால்களுக்கிடையே போகும் பட்டையைக் கண்டிப்பாகப் போட வேண்டும், இல்லையென்றால் குழந்தை கீழே போகும், ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும்.

மைத்துனரிடம் இன்னொன்றும் கேளுங்கள். இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிறு, கில் கார்டு, எங்கே இருக்கிறது? சாவியோடு தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அதை அவர் தொடையில் மாட்டும்வரை நீங்கள் ஏற வேண்டாம். ஓட்டுபவர் விழுந்தால் அந்தக் கயிறு உருவப்பட்டு இன்ஜின் நிற்கும். கயிறு இல்லாத படகு ஆளில்லாமல் வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். புரொப்பெல்லர் என்ன செய்யும் என்பதை நான் படங்களில் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு விவரிக்கப்போவதில்லை.

கேள்வி: கட்டியிருந்த இடத்திலேயே எங்கள் படகு மூழ்கிவிட்டது. 'தேய்மானம்' என்று ஒற்றை வார்த்தையில் கிளெய்மை மறுத்துவிட்டார்கள்.

பதில்: சும்மா நின்ற படகு மூழ்குவது நான் அதிகம் பார்த்த வகை. ஒரு ரப்பர் குழாயின் கிளாம்ப் துருப்பிடித்துக் கழலும், சொட்டுச் சொட்டாக நீர் ஏறும், படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் பேட்டரி தீரும்வரை இறைக்கும், அப்புறம் மூழ்கும். மூழ்கியது ஒரே இரவில் என்றாலும் காரணம் மாதக்கணக்கில் வளர்ந்தது. அதைத்தான் தேய்மானம் என்கிறார்கள். பிரிட்டனின் 1906 கடல் இன்சூரன்ஸ் சட்டத்திலேயே, பாலிசி வேறுமாதிரி சொல்லாவிட்டால் சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் இல்லை என்று இருக்கிறது. எலியால் நேரும் நஷ்டத்துக்கும் இல்லை என்று அதே வரியில் போட்டிருக்கிறார்கள். எலி குழாயைக் கடித்துப் படகு மூழ்கினால் எலியிடம்தான் கேட்க வேண்டும்!

ஆனால் கழன்ற குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சொன்னார்களா, பொத்தாம்பொதுவாகச் சொன்னார்களா? அன்று புயல் அடித்ததா, வேறு படகு வந்து இடித்ததா? படகைத் தூக்கியவுடன் ஓட்டை எங்கே என்று தனி சர்வேயரை வைத்துப் பார்த்திருந்தால் அந்த அறிக்கையோடு மேல்முறையீடு செய்யுங்கள்.

இன்ஜினை என்ன செய்தீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. நீருக்குள் கிடக்கும்வரை இன்ஜின் மெதுவாகத்தான் கெடும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துரு ஓட்டமாக ஓடும். உடனே நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் இருக்கும் நீரை வெளியேற்றி ஆயில் விட வேண்டும். சர்வேயர் வரட்டும் என்று வெயிலில் போட்டுவைத்தால், சேதத்தைக் குறைக்க முயலவில்லை என்று அதையும் உங்கள் மேல் எழுதுவார்கள். படம் எடுங்கள், தகவல் சொல்லுங்கள், காத்திருக்காமல் கழுவுங்கள்.

கேள்வி: படகு டிரெய்லரின் சக்கர பேரிங் அடிக்கடி போகிறது. மட்டமான சரக்கா?

பதில்: ரொம்ப தூரம் இழுத்துவந்து சூடாக இருக்கும் சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்குகிறீர்கள். பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். விளக்கு ஒயரையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, படகில் போனாலே எனக்குத் தலைவலி, குமட்டல். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் கிண்டல் பண்ணுகிறார்கள். அலையே இல்லாத ஏரியிலும் வருகிறது.

பதில்: அலையே இல்லாத ஏரியில் வருகிறதா? அப்படியென்றால் கிண்டலை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்? பின்பக்கம், இன்ஜினுக்கு அருகிலா? படகு மெதுவாகப் போகும்போதோ, நின்றபடி இன்ஜின் ஓடும்போதோ அதிகமாகிறதா? ஆம் என்றால் எனக்குக் கார்பன் மோனாக்சைடு மேல்தான் சந்தேகம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, அறிகுறிகள் அச்சு அசல் கடல் குமட்டல் மாதிரியே இருக்கும். முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்த கேபினில், ஓடும் படகின் பின்னால் உண்டாகும் சுழற்சி புகையைத் திரும்ப உள்ளேயே இழுத்துவரும். முன்பக்கக் கண்ணாடியைத் திறந்து காற்றை ஊடே விடுங்கள். படகுக்கென்றே செய்யப்பட்ட அலாரம் வாங்கி மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது பின்பக்க நீச்சல் மேடையில் யாரும் உட்காரக் கூடாது, தொங்கிக்கொண்டு வரவும் கூடாது.

மறுபடி தலைவலி வந்தால் இன்ஜினை நிறுத்திச் சுத்தமான காற்றுக்கு வந்து, நேராக மருத்துவரிடம் போங்கள். படகில் இருந்தேன், புகை என்று சந்தேகம் என்று நீங்களே சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.