இனிப்பு என்றா சொன்னீர்கள்?

அன்புள்ள ஐயாவுக்கு,

சிறுவயதில் உயிராய் நேசித்த ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக்கதைப் புத்தகத்தை மகனுக்கு வாசித்துக் காட்ட மறுபடி எடுத்தேன். இப்போது திகட்டுகிறது. எல்லாரும் நல்லவர்கள், எல்லாம் இனிப்பு. நான்தான் வறண்டுபோனேனா? மகனுக்கு இதைத் தரலாமா? அதில் வருவதுபோல ரயில்பெட்டிகளில் வகுப்பு நடக்கும் பள்ளி நீலகிரியில் உண்டா?

வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளி தேடும் வேலையை விடுங்கள். சுவரில் ரயில்பெட்டி வரைந்துவிட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்பார்கள்.

நான் அதைக் குன்னூரில் படித்தேன். ரயில்பெட்டியில் வகுப்பு என்றதும் எனக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தில் ஏறிவரும் நம் நீல ரயில்தான். டோட்டோ படித்த டோமோயி பள்ளியை மனசுக்குள் அதிலேயே நடத்தினேன். ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இடைவேளை. மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கவேண்டும் என்பாரே தலைமையாசிரியர் கோபயாஷி? எங்கள் வீட்டில் மலைக்குப் பஞ்சமில்லை, தினமும் பீன்ஸும் முட்டைக்கோஸும். கடலுக்காக நெத்திலிக் கருவாட்டை டிபன் டப்பாவில் கொண்டுபோனேன். வகுப்பே நாறியது. எனக்கு வாய்த்தவர் கோபயாஷி இல்லை, வெளியே நிறுத்தினார்.

சரி, இனிப்பு என்றீர்களே, அந்த மிட்டாய் இயந்திரத்தை எப்படித் தாண்டினீர்கள்? ரயில் நிலையத்தில் இருக்கும் காரமெல் இயந்திரம். டோட்டோ காசு போடுகிறாள். உள்ளே எங்கேயாவது ஒன்று மிச்சமிருக்கும் என்று மறுபடி மறுபடி போடுகிறாள். கலகலவென்று காசுதான் திரும்பி விழுகிறது. அவளுக்கு அது ஏமாற்றம், அவ்வளவுதான். நமக்குத் தெரியவேண்டாமா? போர் அந்தச் சிறுமியின் சில்லறை வரை வந்துவிட்டது. அப்புறம் சாப்பாடு வறுத்த சோயா மொச்சையாகச் சுருங்குகிறது. நாய் ராக்கி காணாமல் போகிறது. 1937-இல் தொடங்கிய பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிகிறது. அந்த டோட்டோவே வளர்ந்து, டெட்சுகோ குரோயானாகி என்ற தன் பெயரில் எழுதிய இந்தப் புத்தகம் வந்தது 1981-இல். பள்ளி சாம்பலானதைத் தெரிந்துகொண்டே, மிட்டாய் வரவில்லை என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அதைப் போய்த் திகட்டுகிறது என்கிறீர்கள்! மகனைத் தூங்கவைக்கும் அவசரத்தில் பக்கம் புரட்டியிருப்பீர்கள். பகல் முழுக்க உழைத்த அலுப்பு, புரிகிறது. இருந்தாலும் சும்மா விடமாட்டேன்.

எல்லாரும் நல்லவர்களாம். வளர்ச்சி குன்றிய பையனிடம் வால் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்ட ஆசிரியையை, கோபயாஷி சமையலறையில் வைத்துத் திட்டும் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள்.

மகனுக்குத் தாராளமாக வாசித்துக் காட்டுங்கள். காரமெல் பக்கம் வரும்போது நிறுத்தி, இரண்டாம் உலகப்போர் பாடம் நடத்தினீர்கள் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவனாகக் கேட்டால் சொல்லுங்கள்.