குன்னூர் ஹெலிகாப்டர் விபத்து: முழு அறிக்கை கிடைக்குமா?

தம்பி, குன்னூர் அருகே காட்டேரி என்ற ஊர்ப்பக்கம் 2021 டிசம்பர் 8 அன்று விழுந்த, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற விமானப்படை ஹெலிகாப்டரின் முழு விசாரணை அறிக்கையை ப்ராஜெக்டுக்காக ஆர்டிஐ-யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேட்டு, மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அது ராணுவ விசாரணை. பயணிகள் விமானம் என்றால் இறுதி அறிக்கை வெளியே வரும். அங்கேயும் காக்பிட் ஒலிப்பதிவைப் பொதுவில் விடமாட்டார்கள், விட்டால் நாளை எந்த விமானியும் மனம் திறந்து பேசமாட்டார். அது நியாயம்தான். அறிக்கையையே பூட்டி வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை, விபத்து நடந்த இடத்தை ஒட்டிய நஞ்சப்பசத்திரத்துக்காரர்கள் தண்ணீரோடும் கம்பளியோடும் உதவிக்கு ஓடினார்களே, அவர்களுக்காவது சொல்ல வேண்டாமா?

சரி, ப்ராஜெக்டுக்கு வருவோம். 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட சுருக்கம் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசை தடுமாறியதாகச் சொல்கிறது. 2024 டிசம்பரில் வந்த நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று ஒற்றை வரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ப்ராஜெக்டுக்கு அதுவே போதும்.