அப்பா ஐரிஷ், பிள்ளை சீனர்

கேள்வி: 'குங் ஃபூ பாண்டா'வில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் வாத்து அப்பாவுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் யார்? பேரன் கேட்டு நச்சரிக்கிறான்.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: ஜேம்ஸ் ஹாங். 2008-இல் படம் வந்தபோது அவருக்கு வயது 79 என்பதையும் பேரனிடம் சொல்லுங்கள். 1956-இல் ஜப்பானிய 'காட்ஸில்லா' ஆங்கிலம் பேசி அமெரிக்காவுக்குப் போனதே, அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களுக்கு இவர் குரல்தான்.

கேள்வி: ஜேம்ஸ் ஹாங் படம், தொடர் எல்லாம் சேர்த்து அறுநூறைத் தாண்டிவிட்டார் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஏன் கதாநாயகன் ஆகவில்லை?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: 'ஆக்கவில்லை' என்று திருத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸில் பிறந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை. படித்தது சிவில் இன்ஜினீயரிங். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சாலைத் துறை வேலை. லீவு போட்டு நடிக்கப் போனவர், பிறகு வேலையையே விட்டுவிட்டார். துணிச்சல்தான்.

1957-இல் 'சார்லி சான்' துப்பறியும் தொடரில் வாய்ப்பு. சார்லி சான் சீனர். அந்த வேடத்தைப் போட்டவரோ ஐரிஷ் வம்சாவளியான ஜே. கேரல் நேஷ். அவருக்கு மூத்த மகன், நிஜச் சீனரான ஹாங்! ஹாலிவுட்டில் அது யாரையும் உறுத்தவில்லை. 1937-இலேயே 'தி குட் எர்த்' படத்தில் சீனக் குடியானவப் பெண்ணாக வந்த வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கார் கொடுத்த ஊர் அது. சீன முகத்துக்கு வேலைக்காரன், சமையல்காரன், வில்லனின் கையாள். 1965-இல் ஹாங்கும் நண்பர்களும் லாஸ் ஏஞ்சலஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியது இந்தப் புழுக்கத்தில்தான்.

ஆனால் மனுஷர் அந்தச் சில்லறை வேடங்களை வைத்துக்கொண்டு செய்ததைப் பாருங்கள். 'சைனாடவுன்' பட்லர், 'பிளேடு ரன்னர்' படத்தில் உறையும் குளிரில் செயற்கைக் கண் செய்யும் கிழவர்... என் ஓட்டு 1991-இல் வந்த 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரின் ஒரு எபிசோடுக்கு. சீன ஹோட்டலில் மூன்று பேர் மேஜைக்காகக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எப்போது கேட்டாலும் 'ஐந்து, பத்து நிமிஷம்' என்கிறார் வரவேற்பில் நிற்கும் ஹாங். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. போன் வந்திருப்பது மூவரில் ஒருவரான கோஸ்டான்ஸாவுக்கு. இவரோ 'கார்ட்ரைட்! கார்ட்ரைட்!' என்று கூவிவிட்டு, ஆள் இல்லை என்று வைத்துவிடுகிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு மூவரும் வெளியேறிய மறுகணம், அவர்கள் மேஜைக்கான பெயரைக் கூவுகிறார்: 'சைன்ஃபெல்ட்!' ஜோக் சொல்கிற பாவனையே கிடையாது. அந்த மனிதருக்கு அது இன்னொரு வேலை நாள். அதனால்தான் சிரிப்பு.

கேள்வி: கடைசியிலாவது மரியாதை கிடைத்ததா?
(வாசகர், ஈரோடு)

பதில்: தாமதமாக. ஹாலிவுட் நடைபாதையில் பிரபலங்களின் பெயரில் பதிக்கும் நட்சத்திரக் கல்லுக்கு அப்போது தேவைப்பட்டது 55,000 டாலர். நடிகர் டேனியல் டே கிம் பொதுமக்களிடம் வசூல் செய்தார். சில நாட்களிலேயே சேர்ந்துவிட்டது. 2022 மே மாதம் கல் பதித்தபோது ஹாங்குக்கு வயது 93. சாலைத் துறை இன்ஜினீயருக்குப் பொருத்தமான இடம்தான்! அதே ஆண்டு 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் சக்கர நாற்காலித் தாத்தா. அதற்கு நடிகர் சங்க விருது கிடைத்தபோது மொத்தக் குழுவோடு மேடையேறினார். கண்ணோரத்தில் டேப் ஒட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் சீனர்களாக நடித்த காலத்தை, எதிரே உட்கார்ந்திருந்த ஹாலிவுட்டுக்கே நினைவுபடுத்திச் சிரிக்க வைத்தார்.