ஓடிய இதயத்தைப் படம் பிடிப்பது எப்படி? உடற்பயிற்சி ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ – கேள்வி பதில்

இதய எம்ஆர்ஐ பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ட்ரெட்மில் டெஸ்ட்டில் தெளிவான முடிவு வரவில்லை. டாக்டர் ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். மறுபடியும் ஓட வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ, அதாவது இதயத்துக்குச் சுமை கொடுத்துப் படமெடுப்பது, பெரும்பாலான இடங்களில் மருந்து ஏற்றிச் செய்வதுதான். அடினோசின் ஏற்றினால் ஆரோக்கியமான ரத்தக் குழாய்கள் நன்றாக விரியும், அடைப்புள்ள குழாயால் அந்த அளவுக்கு விரிய முடியாது. அதே நேரத்தில் ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கடோலினியம் மருந்தைச் செலுத்திப் படமெடுத்தால், ரத்தம் குறைவாகப் போகிற தசை கறுப்பாகத் தெரியும். அப்பா படுத்தே இருக்கலாம். சில நிமிடம் முகம் சூடாகும், நெஞ்சு இறுக்கமாகத் தோன்றும். மருந்தை நிறுத்தியதும் சீக்கிரமே அடங்கிவிடும்.

மருந்திலேயே வேலை முடிகிறது என்றால் உடற்பயிற்சி எதற்கு?

அடைப்பு இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி என்றால் அடினோசின் போதும். ஆனால் “மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது” என்று வருபவருக்கு அந்த மூச்சிரைப்பு எந்தச் சுமையில் வருகிறது, அப்போது இதயம் என்ன செய்கிறது என்பதல்லவா தெரிய வேண்டும்? ரத்த அழுத்தம் ஏறுகிற விதம், நுரையீரல் பக்கம் தள்ளும் வலது கீழறை திணறுகிறதா என்பது, இதெல்லாம் உடல் உழைக்கும்போதுதான் வெளிப்படும்.

விளையாட்டு வீரர்களைப் பாருங்கள். பல ஆண்டு நீண்ட தூரம் ஓடியவரின் இதயம் பெரிதாகியிருக்கும், ஓய்வில் பம்ப் செய்யும் சதவீதம் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். இதயத் தசை நோயிலும் படம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சைக்கிள் பெடலை மிதிக்க வைத்தால் வித்தியாசம் தெரியும்: பயிற்சியால் பெருத்த இதயம் வேகம் கூடக்கூட பலமாகச் சுருங்கும், நோயுற்ற இதயம் அந்த அளவுக்கு எழும்பாது. ஒருவர் விளையாட்டைத் தொடரலாமா என்பதே இதைப் பொறுத்திருக்கலாம். என்னைக் கேட்டால், இந்தப் பரிசோதனையின் உண்மையான அருமை இங்கேதான். உலகம் முழுக்கவே குறைவான மையங்களில்தான் இது நடக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தக் குறுகலான குழாய்க்குள் எப்படி ஓடுவது?

உள்ளே ஓட முடியாது. குழாயின் விட்டம் 60 முதல் 70 செ.மீ. தான். அதனால் இரண்டு வழி. ஒன்று, மேசையின் கால்மாட்டில் பெடல் பொருத்தி, படுத்தபடியே மிதிப்பது. நெட்டையானவர்களுக்கு முழங்கால் குழாயின் விளிம்பில் இடிக்கும், அது ஒரு தொல்லை.

இன்னொன்று ட்ரெட்மில். சாதாரண ட்ரெட்மில்லின் இரும்பையும் மோட்டாரையும் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோகவே முடியாது. அமெரிக்காவின் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகக் குழுவினர் காந்தத்தால் இழுக்கப்படாத பாகங்களும் ஹைட்ராலிக் இயக்கமும் கொண்ட ட்ரெட்மில்லை உருவாக்கி, மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்.

பக்கத்தில் நிறுத்தியது ஏன் என்றால், ஓட்டம் நின்ற முதல் நிமிடத்திலேயே துடிப்பு 12க்கு மேல் இறங்குவது சாதாரணம். தாமதித்தால் இதயச் சுவரின் அசைவில் வந்த கோளாறு மறைந்துவிடலாம். ஆகவே ஓட்டம் நின்றதும் நேராக மேசையில் படுக்க வேண்டும், நெஞ்சின் மேல் காயிலை (எம்ஆர்ஐ சிக்னலைப் பிடிக்கும் கருவி) வைப்பார்கள், மேசை உள்ளே போகும். சுவர் அசைவுப் படங்களை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவதுதான் குறி. வியர்வையில் இசிஜி ஒட்டு கழன்றால் அந்த நிமிடம் வீண், அதனால் முன்கூட்டியே தோலை நன்றாகத் துடைத்து ஒட்டுவார்கள். மூச்சிரைக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்ல முடியாது என்பதால் மூச்சைப் பிடிக்காமலே நொடிக்கு நொடி எடுக்கும் ரியல்டைம் படங்களே கைகொடுக்கும்.

உள்ளே இருக்கும்போது இசிஜியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

துடிப்பின் வேகத்தையும் சீரையும் பார்க்கவும், படமெடுப்பதைத் துடிப்போடு இணைக்கவும் மட்டும். காந்தப்புலத்தில் ஓடும் ரத்தமே மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் இசிஜி கோடு சிதைந்துவிடும். இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் எஸ்டி பகுதியின் மாற்றத்தை உள்ளே நம்ப முடியாது.

ஸ்டென்ட், பேஸ்மேக்கர்?

ஸ்டென்ட் பெரும்பாலும் தடையில்லை. பேஸ்மேக்கர் என்றால் அதன் அட்டையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், மாடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எனக்கு வீசிங் உண்டு, காபியும் நிறையக் குடிப்பேன்.

இரண்டையும் முன்பே சொல்லிவிடுங்கள். அடினோசின் மூச்சுக் குழாயைச் சுருக்கக்கூடும், காபி அதன் வேலையைக் கெடுக்கும். அதனால் காபி, டீயை முந்தைய நாளிலிருந்தே நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்களைப் போன்றவர்களுக்கு இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் டொபியூட்டமின் மருந்தோ, வசதியுள்ள இடத்தில் உடற்பயிற்சியோ ஒத்துவரலாம். அப்புறம், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டுமா, எப்போதிலிருந்து என்பதை டாக்டர் சொல்வார்.