கடிக்கும் ஈக்களுக்குப் பொறி வைத்துக் கண்காணிப்பது என்றால் என்ன?

மனிதர்களையும் ஆடுமாடுகளையும் கடித்து ரத்தம் குடிக்கும் ஈக்களில் எந்த வகை இருக்கிறது, எப்போது பெருகுகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரே மாதிரிப் பொறியை ஒரே இடத்தில் வைத்து, விழுந்ததை எண்ணி எழுதி வருவது, அவ்வளவுதான். கணக்கு, ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஈ என்பது. மழைமானி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்: பெய்த மழை முழுவதையும் அது பிடிப்பதில்லை, ஆனால் போன வாரத்தைவிடக் கூடவா குறைவா என்று சொல்லிவிடும்.

சரி, ஈ ஏன் தானாகப் போய் மாட்டுகிறது? பகலில் கடிக்கும் ஈக்கள் பலவும் இரையைக் கண்ணாலும் தேடுகின்றன. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயை நீலத் துணி தூரத்திலிருந்தே இழுக்கும், பக்கத்தில் வந்ததும் அது கறுப்புத் துணியில் உட்காரும், ரத்தம் கிடைக்காமல் வெளிச்சம் தெரிகிற மேல்பக்கம் பறக்கும், அங்கே கூம்பு வலை, நுனியில் ஒரு புட்டி. மாட்டு மூத்திர வாசனை சேர்ந்தால் சில வகைகள் இன்னும் அதிகமாக விழும். குதிரை ஈ என்கிற பெரிய ஈக்கோ, வெயிலில் சூடேறிய பளபளப்பான கறுப்புப் பந்தைக் கூம்புக்குக் கீழே தொங்கவிட்டால் போதும், வேடிக்கைதான்!

அப்புறம், காற்றும் மழையுமான நாளில் பொறி காலியாக இருந்தால் ஈ ஒழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், அன்று அது பறக்கவில்லை, அவ்வளவே.

பொறி வைத்தால் கடி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரே புழு ஈனும் செட்சி ஈயை நிறையப் பொறி வைத்துக் குறைக்க முடியும், மளமளவென்று பெருகும் மற்ற ஈக்களுக்கு இரண்டு மூன்று பொறிகள் எண்ணிக்கை சொல்ல மட்டும்தான்.