கட்டியை எடுத்த பிறகும் கீமோ எதற்கு?

அப்பாவின் இடது நுரையீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை, கீழ்ச் சோணை எனப்படும் கீழ்ப்பகுதியோடு முழுதாக எடுத்துவிட்டார்கள். நிணநீர்க் கணு ஒன்றில் மட்டும் நோய் இருந்ததாம். இப்போது நான்கு தடவை கீமோ என்கிறார்கள். எதற்காக? (வாசகி, உப்புவெளி)

கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்த நோய் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் நோய் கணுவரை வந்திருந்தால், கட்டியை எடுக்குமுன்பே சில புற்றுக்கலங்கள் இரத்தத்தோடு போய் எலும்பிலோ மூளையிலோ தங்கியிருக்கக்கூடும்; அவை ஸ்கேனில் தெரியுமளவுக்கு வளர்வதற்குள் அழிப்பதற்கே இந்த மருந்து. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சார்ந்த கீமோ பற்றிய ஐந்து பரிசோதனைகளில் பங்கெடுத்த 4,584 பேரின் விவரங்களைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, ஐந்து ஆண்டுகளின் பின் உயிரோடிருப்போர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரால் கூடுவதைக் காட்டியது. அது பெரிய எண் அல்ல என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் சிறுநீரகமும் செவிப்புலனும் மருந்தைத் தாங்குமா என்று பார்த்த பின்பே தொடங்குகிறார்கள். நான்கு சென்ரிமீற்றருக்குக் குறைந்த, கணுக்களில் நோயில்லாத கட்டிக்குப் பொதுவாகக் கீமோ தேவைப்படாது. ஆகவே பக்கத்துக் கட்டிலில் இருந்தவரோடு அப்பாவை ஒப்பிட வேண்டாம். கட்டியின் திசுவில் புற்றுக்கலங்களை வளரத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். இருந்தால், கீமோவுக்குப் பின் ஒசிமெர்ட்டினிப் மாத்திரை பலன் தரும்.

நுரையீரல் கட்டிக்கு முதலில் கீமோ, பிறகுதான் சத்திரசிகிச்சை என்கிறார்கள். அதற்குள் கட்டி வளர்ந்துவிடாதா? (வாசகர், மூதூர்)

சிலருக்கு வளர்வதுண்டு; ஆகவேதான் இடையில் ஸ்கேன் எடுக்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் கட்டி சுருங்கும், அல்லது அப்படியே நிற்கும். கீமோவோடு நிவோலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பரிசோதனையின் முடிவுகள் 2022இல் வந்தன: நூற்றில் 24 பேருக்கு, வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றுக்கலம் ஒன்றுகூட இல்லை, கீமோ மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தோர் இரண்டு பேரளவே. காத்திருக்கும் வாரங்களில் புகைத்தலை அடியோடு நிறுத்துங்கள். வைத்தியர் அனுமதித்தால், கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இடத்தில் நின்று, ஆறிய பின் மறுபடி நடவுங்கள். அந்த மூச்சுப் பலம் சத்திரசிகிச்சைக்குப் பின் கைகொடுக்கும்.

அம்மாவுக்குச் சிறுகல நுரையீரல் புற்றுநோய். அறுவை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? (வாசகர், கிண்ணியா)

அந்த வகை மிக விரைவில் பரவும். எனவே கீமோவும் கதிர்வீச்சுமே முதன்மை. மிகத் தொடக்கத்தில் கண்டால் மட்டுமே சத்திரசிகிச்சை.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ ஏற்றிவிட்டு வீடு வந்த பத்தாம் நாள் காய்ச்சல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்க்கலாமா? (வாசகி, நிலாவெளி)

கூடாது. அந்த நாட்களில்தான் கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். வெப்பமானியில் 38 பாகையைத் தாண்டினால், பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல், நள்ளிரவானாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மகரகம கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கீமோ அட்டையை முதலில் நீட்டி, “கீமோ ஏற்றி இத்தனை நாள்” என்று சொல்லுங்கள்.