பால் பல்லுக்கு ரூட் கெனல்: ஸ்பைரல் நல்லதா, சிரிஞ்ச் நல்லதா?

கேள்வி இது: "தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது. கீழே கடைசிக் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டது. ஒரு டாக்டர் ஸ்பைரல் வைத்துக் கராம்பு எண்ணெய் மருந்தை நிரப்பலாம் என்கிறார். இன்னொருவர் சிரிஞ்சில் வரும் மஞ்சள் பேஸ்ட்தான் நல்லது என்கிறார். எதைக் கேட்பது? எப்படியும் விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு தேவையா?"

மலையக டவுன் ஒன்றில் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள்தான். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். தேவை. அந்தப் பல் 10 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில்தான் விழும். இன்னும் ஐந்தாறு வருடம் மகள் அதில்தான் மெல்ல வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 6 வயதளவில் அந்தப் பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் பால் பல் இருந்தால் அதன் முதுகில் சாய்ந்து நேராக வரும். பிடுங்கிவிட்டிருந்தால் முன்னுக்கு நகர்ந்து, பின்னாளில் வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடத்தைக் காக்கக் கம்பி வைக்கலாமே என்று கேட்பார்கள். பின்பல் முளைத்த பிள்ளைக்கு அது லேசான வேலை. இன்னும் முளைக்காத 5 வயதில் கம்பியை முரசுக்குள் இறக்கி வைக்க வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் அது ஒத்துவராது. எனவே காப்பாற்றக்கூடிய பல் என்றால் காப்பாற்றுவதே நல்லது. இதே சொத்தை 6 வயதுப் பிள்ளையின் முன்பல்லில் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும், அது எப்படியும் சீக்கிரம் விழுந்துவிடும்.

இனி நிரப்பும் விஷயம். ரூட் கெனல் என்றால் பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, வேருக்குள் மருந்தை நிரப்பி மூடுவது. பெரியவர்களுக்குச் செய்யும் ரூட் கெனலையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பெரியவர்களின் வேருக்குள் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைப்போம், அது காலத்துக்கும் அங்கேயே இருக்கும். பால் பல்லின் வேர் அப்படி நிலைக்காது. கீழிருந்து நிரந்தரப் பல் ஏற ஏற இது கரைந்துகொண்டே வரும். ஆகவே உள்ளே வைக்கும் மருந்தும் வேரோடு சேர்ந்து கரைய வேண்டும். இன்னொரு சிக்கல் வேரின் வடிவம். விரல்களை விரித்து ஒரு முட்டையைப் பிடித்திருப்பது போல, பால் கடைவாய்ப் பல்லின் வேர்கள் நிரந்தரப் பல்லின் முளையைச் சுற்றி நிற்கின்றன. வேருக்குள் இருக்கும் குழாய்கள் வளைந்தும், நாடா மாதிரித் தட்டையாகவும் இருக்கும். கீழ்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நான்கு. இந்த இடத்தில் மருந்து நுனிவரை போகவும் வேண்டும், நுனியைத் தாண்டி முளை இருக்கும் பக்கம் வழியவும் கூடாது. நிரப்பும் முறைகள் இத்தனை வந்ததற்குக் காரணம் இதுதான்.

பழைய முறை கைவேலை. மருந்தைக் கெட்டியாகக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, மெல்லிய கம்பியால் உள்ளே அமுக்குவார்கள். முன்பல்லின் நேரான, அகலமான குழாய்க்கு இன்றும் போதும். கடைவாய்ப் பல்லில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

உங்கள் முதல் டாக்டர் சொன்னது லென்டுலோ ஸ்பைரல். மயிரிழை மாதிரியான கம்பிச் சுருள். மருந்தைத் தடவி, மெதுவாகச் சுற்றும் மோட்டரில் பூட்டி, வேர் நுனிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் வரை இறக்கி, சுற்றிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். ஒடுங்கிய, வளைந்த குழாய்க்குள் மருந்தைக் கொண்டு சேர்ப்பதில் இது கெட்டிக்காரக் கருவி, இடையில் காற்று இடைவெளி விழுவதும் குறைவு. குறை என்னவென்றால், கை கொஞ்சம் தாராளமானால் மருந்து நுனியைத் தாண்டிப் போய்விடும். வளைவில் சிக்கினால் கம்பி முறியும். பிள்ளை திடீரென்று தலையைத் திருப்பினாலும் அதே ஆபத்து. மோட்டர் சத்தத்துக்கு மிரளும் பிள்ளைக்கு இதே சுருளை விரலால் உருட்டி இறக்குவதும் உண்டு. நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் பிள்ளை அமைதியாக இருப்பாள். மருந்து நுனியைத் தாண்டக் கூடாது என்று நுனிப்பக்கச் சுருளை மட்டும் எதிர்ப்பக்கமாக முறுக்கிய ஸ்பைரல் ஒன்றும் வந்தது. வழிவது குறைகிறது, அதற்குப் பதிலாக நுனிவரை போகாமல் நிற்பது கூடுகிறது.

இரண்டாவது டாக்டர் சொல்வது கல்சியம் ஹைட்ரொக்சைட்டும் அயடோஃபோர்மும் கலந்து ஆயத்தமாக சிரிஞ்சில் வருகிற பேஸ்ட். வைட்டாபெக்ஸ், மெட்டாபெக்ஸ் என்ற பெயர்களில் கிடைக்கிறது. குழைக்க வேண்டியதில்லை, நேரம் மிச்சம், வாயைத் திறந்து வைத்திருக்க முடியாத பிள்ளைக்குப் பெரிய உதவி. ஆனால் சிரிஞ்சின் பிளாஸ்டிக் நுனி ஒடுங்கிய குழாய்க்குள் முழுவதும் இறங்காது. பேஸ்டைத் தள்ளித் தள்ளி, நுனியை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் காற்று நிற்கும். அதனால் நான் பேஸ்டை சிரிஞ்சால் வாசலில் வைத்துவிட்டு ஸ்பைரலால் உள்ளே கொண்டுபோவதையே விரும்புகிறேன். 'இதுவா அதுவா' என்று டாக்டர்கள் பேசினாலும், நாற்காலியில் இரண்டும் சேர்ந்தே நடப்பது வழக்கம். திருகித் தள்ளும் பிரெஷர் சிரிஞ்ச் என்றும் ஒன்று உண்டு. அளவாகத் தள்ளலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊசிக்குள் மருந்து இறுகுவதற்கு முன் கழுவி எடுக்க வேண்டும்.

சரி, இவற்றில் எது ஜெயிக்கிறது? அமெரிக்கச் சிறுவர் பல் மருத்துவ அகடமிக்காக 2020இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்தக் கருவியால் நிரப்பினாலும் பல் தப்பிப் பிழைப்பதில் வித்தியாசம் வரவில்லை. வித்தியாசம் தெரிந்தது மருந்தில். சிங்க் ஒக்சைட்டைக் கராம்பு எண்ணெயின் சத்தான இயுஜெனோலில் குழைக்கும் பழைய மருந்தும், சிங்க் ஒக்சைட், அயடோஃபோர்ம், கல்சியம் ஹைட்ரொக்சைட் மூன்றும் சேர்ந்த எண்டோஃபிளாஸும் 18 மாதத்தில் 90 சதவீதத்தை ஒட்டிய வெற்றி காட்டின. அயடோஃபோர்ம் பேஸ்ட் 71 சதவீதத்தைத் தாண்டவில்லை.

காரணம் விளங்கக்கூடியதுதான். அந்த மஞ்சள் பேஸ்ட் இறுகுவதில்லை. வெளியே வழிந்தாலும் உடம்பு சீக்கிரம் கரைத்துவிடும், அது நல்லது. ஆனால் சில பிள்ளைகளில் வேர் கரைவதற்கு முன்பே குழாய்க்குள் இருப்பதும் கரைந்து, உள்ளே வெறுமையாகிவிடும். கராம்பு மருந்து அதற்கு எதிர்மாறு. இறுகும், நிலைக்கும், வேரைவிட மெதுவாகக் கரையும். நுனியைத் தாண்டி வழிந்தால் அங்கேயே நெடுநாள் கிடக்கும். ஆகவே கராம்பு மருந்தைக் கொஞ்சம் குறைவாக நிரப்பினாலும் பரவாயில்லை, அதிகமாக நிரப்பக் கூடாது.

அதனால் நான் முதலில் பார்ப்பது பல் இன்னும் எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்பதை. உங்கள் மகளுக்கு 5 வயது, எக்ஸ்ரேயில் வேர்கள் முழுசாக இருக்கின்றன என்றால் கராம்பு மருந்து அல்லது எண்டோஃபிளாஸ், ஸ்பைரலால். இதே பல் 8, 9 வயதுப் பிள்ளைக்கு என்றால் சிரிஞ்ச் பேஸ்ட் தாராளமாகப் போதும். அயடினுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது மலையகத்தில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும், இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அந்த 2020 ஆய்வுத் தொகுப்பிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரே தடவையில் முடித்தாலும் பல தடவையாகச் செய்தாலும் வெற்றி ஒன்றுதான். நம் ஆட்களுக்கு இது பெரிய சேதி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தால் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். இரண்டாம் தடவைக்கு வரச் சொல்கிற நாளில் மழை கொட்டும், அல்லது தோட்டத்தில் கொழுந்து கூடுதலாக இருக்கும், லீவு கிடைக்காது. வலியும் நின்றுவிட்டதால் வீட்டில் யாருக்கும் அவசரம் தெரியாது. தற்காலிகமாக வைத்த அடைப்பு தேய்ந்து விழுந்து, எச்சில் உள்ளே இறங்கி, பல மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருகிற பிள்ளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் பல்லைக் கெடுத்தது ஸ்பைரலும் இல்லை, சிரிஞ்சும் இல்லை.

ஆகவே இரண்டு டாக்டர்களிடமும் கருவியைப் பற்றிக் கேட்பதை விட்டு, இதைக் கேளுங்கள்: "சீழ், வீக்கம் இல்லாவிட்டால் ஒரே நாளில் முடித்து, அன்றைக்கே ஸ்டீல் மூடியும் போட்டுவிடுவீர்களா?" ஆம் என்பவரிடம் போங்கள். சொத்தை தின்ற கடைவாய்ப் பல்லில் மிஞ்சியிருப்பது மெல்லிய சுவர்தான். வெறும் அடைப்பு மட்டும் வைத்தால் ஒரு பக்கம் உடைந்து, உள்ளே செய்த வேலை முழுவதும் வீணாகக்கூடும். வெள்ளி நிறத்தில் பல் தெரியுமே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். கடைவாயில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, அந்த மூடி பல் விழும்போது அதோடு சேர்ந்து விழுந்துவிடும், தனியாகக் கழற்ற வேண்டியதும் இல்லை.

நிரப்பிய பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். வேருக்குள் வெள்ளைக் கோடாக மருந்து தெரியும். நுனிக்குச் சற்று முன்னால் நின்றால் நல்லது. நடுவில் கறுப்பு இடைவெளி இருந்தாலோ, நுனிக்கு வெளியே வெள்ளைக் கட்டி தெரிந்தாலோ, அது என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பக் காட்ட வேண்டும், அதற்குள் முரசில் சின்னப் பரு மாதிரி எழும்பினால் உடனே.

பாடசாலைப் பல் கிளினிக்கில் இருக்கும் மிஸ்மார் அடைப்பும் பிடுங்குவதும் செய்வார்கள், இந்த வேலைக்கு மேலே எழுதி அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பேராதனைப் பல் வைத்தியசாலையில் சிறுவர் பல் பிரிவு இருக்கிறது, காசு இல்லாமல் செய்துகொள்ளலாம். போய்வர ஒரு நாள் ஓடிவிடும் என்பது உண்மை. எனவே அங்கே போனாலும் மூடி வரை எப்போது முடியும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், தூரத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு நானே பிடுங்கத்தான் சொல்வேன். வேர் ஏற்கனவே நிறையக் கரைந்திருந்தால், பல்லின் அடித்தளம் ஓட்டையாகியிருந்தால், மூடி போட மேலே பல்லே மிஞ்சாவிட்டால் காப்பாற்றப் பார்ப்பதில் பயனில்லை. பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் உள்ளே தொற்று தங்கவிடக் கூடாது, இருதய கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

மகளுக்குக் கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ இந்தப் பேச்சு எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள், இரவானாலும் சரி.